ஃப்ரெஷ் மீன்னா மட்டும் போதுமா? சுஷி தட்டில் ஒளிந்திருக்கும் 'அனிசாகிஸ்' புழுவும் ஃப்ரீசர் கணக்கும்

மீன் வாங்கப் போனால் நாம் முதலில் என்ன செய்வோம்? செவுளைத் தூக்கிப் பார்ப்போம். ரத்தச் சிவப்பாக இருந்தால் நல்ல மீன். கண் பளபளவென்று இருந்தால் இன்னும் நல்லது. 'ஐஸ்ல வச்ச மீன்' என்று தெரிந்தால் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவோம். குழம்பு வைக்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கு சரிதான்.

ஆனால், அதே மீனை வேகவைக்காமல் சுஷியாகவோ சஷிமியாகவோ சாப்பிடும்போது கணக்கு அப்படியே தலைகீழாகிவிடுகிறது. காலையில் பிடித்து மதியம் தட்டுக்கு வந்த மீனைவிட, மைனஸ் 20 டிகிரி குளிரில் ஒரு நாள் முழுக்கக் கல்லு மாதிரி உறைந்து கிடந்த மீன்தான் வயிற்றுக்குப் பாதுகாப்பு. காரணம், மீனுக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு வெள்ளைப் புழு. அதன் பெயர் அனிசாகிஸ். மீன் எவ்வளவு ஃப்ரெஷ்ஷாக இருக்கிறதோ, உள்ளே இருக்கும் புழுவும் அவ்வளவு ஃப்ரெஷ்ஷாக இருக்கும்!

சென்னையிலும் பெங்களூருவிலும் சுஷி இப்போது போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது. வேலைக்காக டோக்கியோவுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ போகிறவர்களுக்கு அது அன்றாட லஞ்ச். சாப்பிட வேண்டாம் என்று சொல்வதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. என்ன கேட்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்டு சாப்பிடலாமே என்பதற்காகத்தான்.

அனிசாகிஸ்னா என்ன? மீனுக்குள்ள எப்படி வருது?

அனிசாகிஸ் ஓர் உருளைப்புழு. மீனில் நாம் பார்ப்பது அதன் குட்டிப் பருவம், அதாவது லார்வா. இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம், அரை முதல் ஒரு மில்லிமீட்டர் தடிமன். வெள்ளை நூலைச் சின்னதாக வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும். மீனின் குடல், ஈரல் மீது கடிகாரச் சுருள் போலச் சுருண்டு கிடக்கும்.

இதன் உண்மையான வீடு மீன் கிடையாது. திமிங்கிலம், டால்ஃபின் போன்ற கடல் பாலூட்டிகளின் வயிற்றில்தான் இது வளர்ந்து பெரிதாகி முட்டையிடும். அந்த முட்டைகள் கழிவோடு கடலில் கலக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குட்டிகளை, நம்ம ஊர் கூனி போல இருக்கும் 'கிரில்' என்ற சின்ன உயிரினங்கள் தின்னும். கிரில்லை மீனும் கணவாயும் தின்னும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். கடைசியில் அந்த மீனை ஒரு திமிங்கிலம் விழுங்கினால் புழு தன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். வட்டம் முழுமையாகிவிடும்.

திமிங்கிலம் சாப்பிட வேண்டிய மீனை மனிதன் வேகவைக்காமல் சாப்பிட்டால்? புழுவைப் பொறுத்தவரை அது தப்பான ஸ்டாப்பில் இறங்கியது மாதிரி. மனித உடம்பில் அதனால் வளரவும் முடியாது, முட்டையிடவும் முடியாது. சில நாட்களிலோ சில வாரங்களிலோ செத்துவிடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் செய்யாது. ஆனால், சாவதற்குள் அது செய்கிற வேலைதான் பிரச்சினை.

வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்?

பெரும்பாலும் உள்ளே போவது ஒரே ஒரு புழுதான். அது இரைப்பையின் சுவரில் தலையை நுழைத்துத் துளைக்கப் பார்க்கும். உடம்பும் சும்மா இருக்காது, அந்த இடத்தில் எதிர்வினை காட்டும். இரண்டும் சேர்ந்து மேல் வயிற்றில் பொறுக்க முடியாத வலி, குமட்டல், வாந்தி என்று கிளம்பும்.

நேரம் இதில் முக்கியமான துப்பு. இரைப்பையில் தாக்கினால், சாப்பிட்ட சில மணி நேரத்திலிருந்து பாதி நாளுக்குள் வலி தொடங்கிவிடும். இரவு சாப்பிட்டால் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ ஆளை எழுப்பிவிடும். புழு அதையும் தாண்டிக் குடலுக்குப் போய்விட்டால் வலி தெரிய ஓரிரு நாட்களுக்கு மேல்கூட ஆகலாம். அது அடிவயிற்று வலியாக இருக்கும். பார்ப்பதற்கு அப்படியே அப்பெண்டிசைட்டிஸ் மாதிரியே தோன்றும்.

வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி பரவலாவதற்கு முந்தைய காலத்தில் இந்தக் குழப்பம் பலரை ஆபரேஷன் தியேட்டர் வரை கொண்டுபோயிருக்கிறது. அப்பெண்டிக்ஸ் என்றும், அல்சர் என்றும், கட்டி என்றும் நினைத்து வயிற்றைத் திறந்த டாக்டர்கள் உள்ளே பார்த்தது ஒரு புழுவை.

இப்போது சிகிச்சை எளிது. எண்டோஸ்கோப்பியில் புழு தெரிந்தால், அதே குழாய் வழியாகச் சின்ன இடுக்கியை விட்டுப் பிடித்து வெளியே எடுத்துவிடலாம். புழு வெளியே வந்ததும் வலியும் சீக்கிரம் குறைந்துவிடும். குடலில் இருந்தால் பெரும்பாலும் வலிக்கு மருந்து கொடுத்து, கவனித்துக்கொண்டே இருப்பார்கள். புழு தானாகவே செத்துவிடும். 'பூச்சி மாத்திரை ஒண்ணு போட்டா போதும்' என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்கிவிட்டு வீட்டில் படுத்திருப்பது இதற்குத் தீர்வாகாது. ஆனால் இது எல்லாமே, 'இது அனிசாகிஸாக இருக்கலாம்' என்று யாருக்காவது தோன்றினால்தான் நடக்கும்.

முதலில் சிக்கியது ஜப்பானில் அல்ல, நெதர்லாந்தில்!

பச்சை மீன் என்றதும் ஜப்பான்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் புழு மனிதனுக்கு நோய் உண்டாக்கும் என்று மருத்துவ உலகம் தெரிந்துகொண்டது நெதர்லாந்தில்.

அங்கே ஹெர்ரிங் என்ற மீன் மீது மக்களுக்கு அவ்வளவு பிரியம். நம் மத்தியின் உறவுக்கார மீன் அது. கோடையின் தொடக்கத்தில் புது ஹெர்ரிங் வந்துவிட்டால் திருவிழாதான். லேசாக உப்பில் ஊறிய மீனை, வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து அப்படியே வாய்க்குள் இறக்குவார்கள். நறுக்கிய வெங்காயம் தொட்டுக்கொள்வதும் உண்டு.

1950-களில் இப்படி ஹெர்ரிங் சாப்பிட்ட சிலர் கடுமையான வயிற்று வலியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களது குடலில் இருந்த புழுவையும் ஹெர்ரிங்கையும் இணைத்து 1960-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார் ஒட்டுண்ணியியல் அறிஞர் வான் தீல்.

தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட மீன் திடீரென்று ஏன் இப்படிச் செய்தது? அதற்குச் சொல்லப்படும் விளக்கம் சுவாரசியமானது. முன்பெல்லாம் மீனைப் பிடித்த உடனேயே, படகிலேயே குடலை நீக்கி, நன்றாக உப்புப் போட்டுவிடுவார்கள். பிறகு ஐஸ் வசதி வந்தது. மீனை முழுசாக ஐஸில் போட்டு, கரைக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்யலாம் என்று ஆனது. உப்பின் அளவும் குறைந்தது. மீன் செத்த பிறகு, அதன் குடலில் இருக்கும் புழுக்களில் சில மெல்ல நகர்ந்து சதைக்குள் போய்விடும். இடையில் கிடைத்த அந்த நேரம் புழுவுக்கு வசதியாகிவிட்டது.

கவனியுங்கள், ஐஸில் வைப்பது வேறு, உறைய வைப்பது வேறு. வட கடலின் குளிர்ந்த நீரில் வாழும் மீனுக்குள் இருந்து பழகிய புழுவுக்கு ஐஸ் பெட்டியும் நம் வீட்டு ஃபிரிட்ஜும் தாய்வீடு மாதிரி. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குளிரில் அது பாட்டுக்கு உயிரோடு இருக்கும்.

1968-ல் நெதர்லாந்து அரசு ஒரு விதி கொண்டுவந்தது. பச்சையாகச் சாப்பிட விற்கப்படும் ஹெர்ரிங்கை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் குறைந்தது 24 மணி நேரம் உறைய வைத்த பிறகே விற்க வேண்டும். அவ்வளவுதான். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது, 'ஹெர்ரிங் சாப்பிடாதீங்க' என்ற பிரசாரமும் கிடையாது. அந்த நாட்டில் இந்த நோய் கிட்டத்தட்ட காணாமலே போனது. இன்றும் அங்கே மக்கள் வாலைப் பிடித்துத் தூக்கித்தான் ஹெர்ரிங் சாப்பிடுகிறார்கள். ஒரே வித்தியாசம், அந்த மீன் ஃப்ரீசருக்குப் போய்விட்டு வந்திருக்கும்.

பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமே இது விதியானது. பச்சையாகச் சாப்பிடும் மீனுக்கு மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35 டிகிரியில் 15 மணி நேரம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இன்னும் கறார். மைனஸ் 20 டிகிரி என்றால் 7 நாட்கள் வைக்கச் சொல்கிறது.

அப்போ ஜப்பான்ல ஏன் இன்னும் தீரலை?

இவ்வளவு எளிய தீர்வு இருக்கும்போது, பச்சை மீனில் உலகுக்கே வாத்தியாரான ஜப்பானில் இந்நோய் ஒழிந்திருக்க வேண்டுமே? நிலைமை நேர்மாறு. அனிசாகிஸ் பாதிப்பை உணவு நச்சுப் பட்டியலில் தனியாகச் சேர்த்து 2013 முதல் அங்கே கணக்கெடுக்கிறார்கள். 2018-ல் பதிவானவை 468 சம்பவங்கள். 2022-ல் 566. சம்பவங்களின் எண்ணிக்கையில் பாக்டீரியா, வைரஸ் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு அனிசாகிஸ் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

இதுவும் பதிவானவை மட்டும்தான். மருத்துவக் காப்பீட்டுத் தரவுகளை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் போட்ட கணக்கு வேறு. 2018, 2019 ஆண்டுகளில், ஆண்டுக்குச் சுமார் 20 ஆயிரம் பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்கிறது அந்த மதிப்பீடு.

காரணம், சுவை. மீனை உறைய வைத்து எடுத்தால் சதைக்குள் பனிப் படிகங்கள் உருவாகி, உருகும்போது நீர் விட்டுப்போகும். வாயில் வைத்தால் தெரியும் அந்த இறுக்கமும் மினுமினுப்பும் குறைந்துவிடும். உறையாத கானாங்கெளுத்தி, சூரை, கணவாய் ஆகியவற்றின் சுவைக்காகத்தான் அங்கே பல கடைகளுக்கு ஆட்கள் போகிறார்கள். அதனால் எல்லாப் பச்சை மீனையும் உறைய வைத்தே தீர வேண்டும் என்று அங்கே சட்டம் இல்லை. 'உறைய வையுங்கள், அல்லது குடலைச் சீக்கிரம் நீக்கி, கண்ணால் பார்த்துப் புழுவை எடுத்துவிடுங்கள்' என்பதுதான் அரசின் அறிவுரை.

இதற்குக் கடைக்காரர் கொடுக்கும் விலை பெரிது. ஒரு வாடிக்கையாளருக்குப் புழு போனது உறுதியானால், சுகாதார அலுவலகம் ஓரிரு நாள் விற்பனையை நிறுத்தச் சொல்லலாம். கடையின் பெயரும் வெளியே வரும். வெள்ளைச் சதைக்குள் கிடக்கும் ஒரு வெள்ளை நூலைக் கவனிக்கத் தவறியதற்கு, வருஷக்கணக்கில் சேர்த்த பெயர் போய்விடும்.

இன்னொரு விநோதம். ஜப்பானின் தென்மேற்கே, கியூஷூ தீவில் இருக்கும் ஃபுகுவோகா பகுதியில் பச்சைக் கானாங்கெளுத்திக்கு எள் போட்டுச் சாப்பிடுவது உள்ளூர் ஸ்பெஷல். டோக்கியோ பக்கம் அதே மீனைப் பச்சையாகச் சாப்பிடத் தயங்குவார்கள். 'அவங்க பழக்கம் அப்படி' என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஆய்வு செய்தபோது புழுவிலேயே வித்தியாசம் இருந்தது தெரிந்தது. பசிபிக் பக்கத்து மீன்களில் அதிகம் இருப்பது 'அனிசாகிஸ் சிம்ப்ளெக்ஸ்' என்ற இனம். கியூஷூவை ஒட்டிய மேற்குக் கடலில் அதிகம் இருப்பது 'அனிசாகிஸ் பெக்ரெஃபி'. முதல் இனம் குடலை விட்டுச் சதைக்குள் நுழைவது, இரண்டாவதைவிடப் பல மடங்கு அதிகம். அறிவியல் வருவதற்கு முன்பே, அந்தந்த ஊரின் நாக்கும் வயிறும் ஒரு முடிவுக்கு வந்திருந்தன!

சுவையும் கெடக் கூடாது, புழுவும் சாக வேண்டும் என்றால் என்ன வழி? ஃபுகுவோகாவைச் சேர்ந்த ஜப்பான் சீஃபுட்ஸ் நிறுவனமும் குமாமோட்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு கருவியை உருவாக்கியிருக்கின்றன. மீன் துண்டுகளின் வழியே மிகப் பெரிய மின்சார அதிர்வை ஒரு கணம் மட்டும் பாய்ச்சி, உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும் முறை அது.

வசாபி, வினிகர், எலுமிச்சைச் சாறு: எது புழுவைக் கொல்லும்?

எதுவுமே கொல்லாது. இதைத்தான் பலரும் நம்ப மறுக்கிறார்கள்.

'வசாபி காரத்துல எல்லாம் செத்துடும்' என்பது சுஷி மேஜையில் அடிக்கடி கேட்கும் வசனம். நாம் தொட்டுக்கொள்ளும் அளவு வசாபிக்கும் சோயா சாஸுக்கும் இந்தப் புழு அசைந்துகொடுக்காது. வினிகரும் அப்படித்தான். இரைப்பை அமிலத்திலேயே தாக்குப்பிடிக்கிற புழுவுக்கு வினிகர் எம்மாத்திரம்? ஜப்பானில் வினிகரில் ஊறிய கானாங்கெளுத்தியும், ஸ்பெயினில் வினிகரில் ஊறிய நெத்திலியும் இந்நோய்க்கு நன்றாகத் தெரிந்த காரணங்கள்.

எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கும் செவிச்சேவும் இதே கதைதான். சாறு பட்டதும் மீன் வெள்ளையாகி, வெந்தது மாதிரித் தெரியும். அது பார்வைக்கு மட்டும்தான். மேலே மட்டும் தீயில் வாட்டித் தரும் சுஷியிலும் உள்பக்கம் பச்சையாகவே இருக்கும். சூடேற்றாமல் புகை மட்டும் போடும் முறையிலும் புழு சாகாது. 'நல்லா மென்னு சாப்பிட்டா போதும்' என்பதையும் நம்பியிருக்க முடியாது.

கொல்வது இரண்டே இரண்டு. ஒன்று, மேலே சொன்ன உறைகுளிர். இன்னொன்று, சூடு. மீனின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸைத் தொட்டு ஒரு நிமிடம் இருந்தால் போதும்.

அதனால் கொதிக்கக் கொதிக்க வைக்கிற மீன் குழம்பிலும், நன்றாக முறுகும் வறுவலிலும் புழு உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. வீட்டில் மீன் வெட்டும்போது குடலில் வெள்ளையாக ஏதாவது சுருண்டு கிடந்தாலும் பதற வேண்டாம். குடலை எடுத்துப் போட்டுவிட்டு, மீனை நன்றாக வேகவையுங்கள்.

சால்மனுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

சுஷி என்றதும் நம்மில் பலருக்கு மனசில் வருவது ஆரஞ்சு நிறச் சால்மன். ஆனால் 40 வருடத்துக்கு முன்பு ஜப்பானில் சால்மன் சுஷி என்பதே அபூர்வம். சால்மனை உப்புப் போட்டோ சுட்டோதான் சாப்பிடுவார்கள். பசிபிக் கடலில் வளரும் சால்மனில் புழு இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதை மாற்றியது நார்வே. பண்ணைகளில் வளர்த்த சால்மன் அங்கே மிதமிஞ்சிக் கிடந்தது. 1980-களின் நடுவில் 'ப்ராஜெக்ட் ஜப்பான்' என்ற திட்டத்தோடு ஜப்பானின் கதவைத் தட்டினார்கள். 'சால்மனைப் பச்சையா சாப்பிடுறதா? நாங்க சாப்பிட மாட்டோம்' என்றுதான் முதலில் பதில் வந்தது. அவர்களைச் சம்மதிக்கவைக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. இன்று ஜப்பானில், தட்டுகள் பெல்ட்டில் சுற்றிவரும் சுஷிக் கடைகளில் மக்களுக்கு மிகவும் பிடித்தவற்றில் சால்மனும் ஒன்று.

இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் எளிமையானது. பண்ணைச் சால்மன் கிரில்லையோ சின்ன மீனையோ பிடித்துத் தின்பதில்லை. ஆலையில் சூடாக்கித் தயாரித்த உலர்தீவனம்தான் அதன் சாப்பாடு. உணவுச் சங்கிலி அறுந்துவிட்டதால் புழு உள்ளே வர வழியில்லை. அதனால்தான் 2011-ல் ஐரோப்பிய ஒன்றியம், இப்படிக் கட்டுப்பாடாக வளர்க்கப்படும் மீன்களுக்கு உறைய வைக்கும் விதியிலிருந்து விலக்கு அளித்தது. ஆனால் 'வைல்டு கேட்ச்', அதாவது கடலில் பிடித்த சால்மன் என்று மெனுவில் பெருமையாகப் போட்டிருந்தால் அந்த விலக்கு பொருந்தாது. வேக வைக்காத உணவில் 'இயற்கையானது' என்ற வார்த்தை பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

தூனா? தூரக்கடலில் பிடிக்கும் பெரிய தூனாவை, ஜப்பானியச் சந்தைக்காக, கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரியில் உறைய வைக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 'இன்னிக்குக் காலையில வந்தது' என்று நாம் நினைத்துச் சாப்பிடும் துண்டு, மாதக்கணக்கில் உறைந்திருந்ததாகவும் இருக்கலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தக் குளிரில் தூனாவின் நிறமும் சதையும் கெடாமல் இருக்கும் என்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள்.

ஃப்ரீசராலும் தீராத ஒரு சிக்கல்

அனிசாகிஸ் இன்னொரு வழியிலும் தொல்லை தரும். அலர்ஜி. புழு உள்ளே போன சிலருக்கு வயிற்று வலியோடு உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு வரும். அரிதாக, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது வரை போய்விடும். ஸ்பெயினில் இதுபற்றி நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

இங்கேதான் கவனிக்க வேண்டிய நுணுக்கம். புழுவைக் கொல்வது வேறு, அதன் புரதங்களை அழிப்பது வேறு. அலர்ஜியைத் தூண்டும் அனிசாகிஸ் புரதங்களில் சில, உறைகுளிரையும் சமையல் சூட்டையும் தாங்கக்கூடியவை. ஏற்கெனவே அலர்ஜி வந்துவிட்ட ஒருவருக்குச் செத்த புழுவே போதும். 'எனக்குக் கானாங்கெளுத்தி ஒத்துக்காது' என்று சொல்கிறவர்களில் சிலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது மீனாக இல்லாமல், உள்ளே இருந்த புழுவாக இருக்கலாம். மீன் சாப்பிட்டு ஒருமுறை உடம்பு தடித்தவர்கள், அடுத்த முறை சாப்பிட்டுப் பார்த்துச் சோதிக்காமல் அலர்ஜி மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

புழு பெருகுதா?

ஆமாம் என்கிறது வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு. உலகெங்கும் வெளியான பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 1978-க்கும் 2015-க்கும் இடையில் அனிசாகிஸ் புழுக்களின் அடர்த்தி 283 மடங்கு உயர்ந்திருக்கிறது. எளிதாகச் சொன்னால், அன்று நூறு மீனுக்கு ஒரு புழுகூடத் தேறாது. இன்று சராசரியாக மீனுக்கு ஒன்றுக்கு மேல்.

ஏன் என்பதற்கு அவர்கள் சொல்லும் சாத்தியங்களில் ஒன்று, திமிங்கிலங்கள். 1970-களிலிருந்து கடல் பாலூட்டிகளுக்குப் பல நாடுகள் சட்டப் பாதுகாப்பு கொடுத்தன. 1986 முதல் வணிகத் திமிங்கில வேட்டைக்கு உலகளாவிய தடை இருக்கிறது. திமிங்கிலங்கள் மீண்டுவந்தால், அவற்றின் வயிற்றை வீடாகக் கொண்ட புழுவும் மீண்டுவரும். கடல் வெப்பம் உள்ளிட்ட வேறு காரணங்களும் இருக்கலாம். எப்படியானாலும், 'எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் இல்லையே' என்ற வாதம் இங்கே எடுபடாது. தாத்தா காலத்துக் கடல் வேறு.

சரி, கடைசியா சொல்லுங்க… நான் சுஷி சாப்பிடலாமா, கூடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம். சில விஷயங்களை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

* கடையில் 'மீன் ஃப்ரெஷ்ஷா?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'பச்சையா தர்ற மீனை ஃப்ரீஸ் பண்ணிட்டுத்தான் தர்றீங்களா? எத்தனை டிகிரியில?' என்று கேளுங்கள். விஷயம் தெரிந்த கடைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். உடனே பதில் சொல்வார்.

* சால்மன் என்றால் பண்ணையில் வளர்ந்ததா என்று கேளுங்கள்.

* முதல்முறை சாப்பிடுகிறீர்களா? சுஷி எல்லாமே பச்சை மீன் கிடையாது. வேகவைத்த இறால், சுட்ட விலாங்கு, வெள்ளரி, முட்டை வைத்தும் சுஷி உண்டு. அங்கிருந்து தொடங்கலாம்.

* யூடியூப் பார்த்து, மார்க்கெட்டில் வாங்கிய மீனை வீட்டில் சஷிமி போடும் ஆசை வேண்டாம். வீட்டு ஃப்ரீசர்கள் பல மைனஸ் 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அடிக்கடி கதவைத் திறந்தால் அதுவும் நிற்காது. ஒரு ராத்திரி வைத்து எடுத்தால் புழு செத்திருக்கும் என்று நம்ப முடியாது.

* ஆற்று மீன், ஏரி மீனைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. அதில் வரும் ஒட்டுண்ணிகள் வேறு ரகம். வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சையாக நறுக்கிச் சாப்பிடும் 'கோய் பிளா' என்ற நன்னீர் மீன் உணவால் வரும் கல்லீரல் தட்டைப்புழு, ஆண்டுக்கணக்கில் உடம்பிலேயே தங்கிப் பித்தநாளப் புற்றுநோய் வரை கொண்டுபோகிறது. அனிசாகிஸ் மாதிரி சில வாரத்தில் சாகிற புழு அல்ல அது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. பச்சை மீன் சாப்பிட்ட ராத்திரியோ மறுநாளோ கடுமையான வயிற்று வலி வந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். டோக்கியோவில் இருக்கும் டாக்டர் தானாகவே 'என்ன மீன் சாப்பிட்டீங்க?' என்று கேட்பார், தினமும் பார்க்கிற கேஸ் அது. பச்சை மீன் பழக்கமில்லாத ஊரில் இருக்கும் டாக்டருக்கு அந்தக் கேள்வி மனசில் வராமலே போகலாம். கேஸ் என்றும் அசிடிட்டி என்றும் தொடங்கி, அப்பெண்டிக்ஸ் வரை சந்தேகம் போகலாம்.

அதனால், 'வெளியில ஏதோ சாப்பிட்டேன் டாக்டர்' என்று முடித்துவிடாதீர்கள். 'நேத்து ராத்திரி எட்டு மணிக்குப் பச்சை மீன் சாப்பிட்டேன், ரெண்டு மணிக்கு வலி ஆரம்பிச்சுது' என்று மீனையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேவையில்லாத ஓர் ஆபரேஷனிலிருந்து அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றலாம்.